மூன்றடி உயரத்தில் ஒரு பிறந்தநாள்

பிறந்தநாள் டெக்கரேஷனுக்கு ஆர்டர் வந்தால் எங்கள் தொழிலில் முதல் கேள்வி, "என்ன தீம்?" அடுத்தது, "சுவர் எத்தனை அடி?" மூன்றாவது, பணம். குழந்தை எவ்வளவு உயரம் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டிருந்தால் இந்தத் தொழிலே வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. மூன்று வயதுக் குழந்தை சராசரியாக 95 சென்டிமீட்டர் இருக்கும். அடிக்கணக்கில் மூன்றடிக்கு மேல் ஓர் அங்குலம். கண் அதற்கும் நான்கு விரற்கடை கீழே. நாங்கள் கட்டும் பின்திரையோ எட்டடி. அதில் சோட்டா பீமின் முகமும் மிக்கி மவுஸின் காதும் ஐந்தடிக்கு மேலேதான் வரும், ஏனென்றால் கீழ்ப்பாதியைக் கேக் மேசையும் அதன் முன்னால் நிற்கும் சொந்தபந்தங்களும் மறைத்துவிடுவார்கள். ஆக, யாருக்காக அத்தனையும் கட்டினோமோ அந்தக் குழந்தைக்குத் தெரிவது சேலைக் கொசுவங்களும் பேன்ட் முழங்கால்களும் மேசைத் துணியின் ஓரமும்தான். மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில் இருந்துகொண்டு தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பைத் தமிழ் வீடுகளில் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: சின்னக் குழந்தைக்கு வீட்டில் தீம் வைத்துப் பிறந்தநாள் செய்வதென்றால் தீமைச் சுவரிலிருந்து தரைக்கு இறக்க வேண்டும். குழந்தை அதைப் பார்த்தால் போதாது. அதற்குள் புகுந்து எதையாவது செய்ய வேண்டும்.

சுவருக்கும் தரைக்கும் உள்ள இந்த வேற்றுமை தமிழ் வீடுகளுக்குப் புதிதில்லை. நவராத்திரியில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கும் வீடுகளைப் பாருங்கள். டிரங்குப் பெட்டியும் பலகையும் அடுக்கி, மேலே வேட்டி விரித்து, ஒற்றைப்படையில் படி கட்டுகிறார்கள். படியில் தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார் பொம்மை. இப்போது 'தீம் கொலு' என்றே பெயர் சொல்லி, திருப்பதி பிரம்மோற்சவம், கிராமத்துச் சந்தை என்று வருஷத்துக்கு ஒன்று யோசிக்கிறார்கள். அந்தப் படிகளில் குழந்தை கை வைத்தால் ஏழு பேர் கத்துவார்கள். ஆனால் படிக்குக் கீழே, தரையில், பார்க் என்று ஒன்று இருக்கிறது. மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பிளாஸ்டிக் வாத்தையும் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் வைப்பது. அது வீட்டுப் பிள்ளைகளின் ராஜ்யம். பார்க்க ஓர் இடம், செய்ய ஓர் இடம் என்று ஒரே பண்டிகைக்குள் பிரித்து வைத்த கெட்டிக்காரத்தனம் அது. பிறந்தநாளில் நாம் படியை மட்டும் எடுத்துக்கொண்டோம், பார்க்கை விட்டுவிட்டோம். அதோடும் நிற்காமல் பிறந்தநாள் குழந்தையையே ஜிகினா கவுனிலோ கோட்டிலோ அடைத்து, சிம்மாசன நாற்காலியில் ஏற்றி, இரண்டு மணி நேரம் கொலுப்பொம்மையாக்கி விடுகிறோம். கொலு எல்லா வீட்டிலும் கிடையாது என்பது சரிதான். தாராவியின் திருநெல்வேலிக் குடும்பங்களில் அது அபூர்வம். ஆனால் கோயில் கொடையில் சப்பரம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், அட்டையும் குச்சியும் வைத்துத் தாங்களே ஒரு சப்பரம் கட்டி இழுப்பதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுவும் பார்க்தான்.

இந்த யோசனைக்கு இன்னும் பழைய ஆதாரம் நம் இலக்கியத்திலேயே கிடக்கிறது. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, பிறகு ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். காப்பும் தாலும் பெரியவர்கள் செய்வது. மற்றவற்றில் எல்லாம் குழந்தை ஏதோ ஒன்றைச் செய்கிறது, அல்லது செய்ய அழைக்கப்படுகிறது. கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது, கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது, தளர்நடை போட்டு வருகிறது, நிலாவை விளையாடக் கூப்பிடுகிறது, மணல் வீட்டைக் காலால் அழிக்கிறது, பறை கொட்டுகிறது, தேர் உருட்டுகிறது. ஒரு பருவத்துக்குக்கூட யானை, சிங்கம், இளவரசி என்று பெயர் இல்லை. பிள்ளைத்தமிழ் தெய்வத்தையும் அரசரையும் பாடியது, குழந்தை வளர்ப்புக் கையேடு இல்லையே என்று கேட்கலாம். உண்மை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியது நம் வீட்டுப் பார்ட்டிக்காக இல்லை. ஆனால் தெய்வத்தைக் குழந்தையாக்க நினைத்த புலவர்கள், எந்த வயதில் எந்தக் குழந்தை என்ன செய்யும் என்று உற்றுப் பார்த்துத்தான் பருவங்களை அடுக்க முடிந்தது. வாரானை ஒரு வயதை ஒட்டி வருகிறது. குழந்தை நடக்கத் தொடங்கும் காலம். அம்புலி ஒன்றரை வயதை ஒட்டி. தொலைவில் இருப்பதைக் கைநீட்டிக் கேட்கும் காலம். சிற்றில் அதற்கும் பிறகு. கட்டுவதைவிட இடிப்பதில் ருசி கண்ட காலம். இந்த வரிசையை வைத்துக்கொண்டு பிறந்தநாள் திட்டம் போட்டால் அது பொய்த்துப் போவதே இல்லை. ஒரு வயதுக்கு, கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை போடுகிறோமே, அந்தப் பாதம் பதித்த பாதை. இரண்டு வயதுக்கு நிலா: விளக்கை அணைத்துவிட்டு, தாம்பாளத் தண்ணீரில் டார்ச் அடித்துக் கூரையில் ஒரு நிலாவை ஆட விடுவது. மூன்றுக்கு அட்டைப்பெட்டிக் கோபுரங்கள், உதைத்துத் தள்ள. நான்குக்குப் பறையும் தேரும். ஊசலைப் பெண்பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கியது புலவர்களின் மரபு. எங்கள் தொழிலில் பையனுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்கிற மாதிரி. ஊஞ்சலில் எல்லாப் பிள்ளைகளும்தான் ஆடுவார்கள்.

"எங்கள் பிள்ளைக்குச் சோட்டா பீம்தான் வேண்டும், நிலாவும் தேரும் எதற்கு?" என்பது உடனே வரும் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். 2008-இல் போகோ சேனலில் வந்த நாளிலிருந்து அந்த வேட்டிக்காரப் பையன் எங்கள் பேனர்களை விட்டு இறங்கவில்லை. பிள்ளையின் ஆசையை மறுக்கச் சொல்லவில்லை. அந்தக் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். பீம் லட்டு தின்று பலம் பெறுகிறான். அப்படியானால் தீம் லட்டு. அம்மாவோ பாட்டியோ ரவையும் சர்க்கரையும் நெய்யும் கலந்து சூடாற வைத்துவிட்டால், எட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு உருட்டுவார்கள். உருட்டியதைத் தின்றுவிட்டுத் தலையணை மூட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். பெப்பா பிக் சேற்றுக் குட்டையில் குதிக்கும். பழுப்புத் துணியை வட்டம் வட்டமாக வெட்டித் தரையில் ஒட்டிவிட்டால் அரை மணி நேரம் குதிப்பார்கள். 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' படத்து எல்சா எதைத் தொட்டாலும் பனியாக்குகிறாள். மே மாதத்து மும்பையில் சின்னப் பொம்மைகளைத் தண்ணீரோடு டப்பாக்களில் உறைய வைத்து, ஒரு டப்பில் கொட்டி, உருக்கி எடுக்கச் சொன்னால் எந்தப் பேனரும் அதற்கு ஈடாகாது. பேனரில் இருப்பது படம். பிள்ளை கேட்டது அந்தக் கதையில் தனக்கும் ஓர் இடம். அந்தப் படங்களைப் பெரும்பாலும் எந்த அனுமதியும் வாங்காமல்தான் ஃபிளெக்ஸில் அடிக்கிறார்கள் என்பதையும் தொழில்காரர்கள் தங்களுக்குள்ளாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்தக் கார்ட்டூனையும் தேட வேண்டாத தீம் ஒன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்: லோக்கல் ரயில். 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. 1925 பிப்ரவரி 3-இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. பிள்ளைகளுக்கு வருஷம் தேவையில்லை. கதவோரக் கம்பியும், மேலே ஆடும் கைப்பிடிகளும், அடுத்த நிலையம் எது என்று மூன்று மொழியில் சொல்லும் குரலும் அவர்களுக்கு மனப்பாடம். உல்லாஸ்நகர் மரச்சாமான் சந்தைக்குப் பேர் போனது. பீரோவும் ஃபிரிட்ஜும் வந்திறங்கும் பெரிய அட்டைப்பெட்டிகள் கடை வாசலில் சும்மா கிடைக்கும். இரண்டு பக்கமும் திறந்து, ஜன்னல் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ரயில். பக்கவாட்டில் சாய்கோடு போட்டுவிட்டால் அது ஃபர்ஸ்ட் கிளாஸ். வாசல்படி கல்யாண், கட்டிலடி குர்லா, சமையல் மேடை மாட்டுங்கா. மாட்டுங்காவில் இறங்கினால் இட்லி. மழைக்காலத்துப் பிறந்தநாளாக இருந்தால் நடுவில் ரயில் நிற்கும். தண்டவாளத்தில் தண்ணீர் என்று அறிவித்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் புரியும். டிக்கெட், டிக்கெட் பரிசோதகர், ஏறுகிறவர், இறங்குகிறவர் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. நாலு வயதுக்காரன் மோட்டார்மேன், இரண்டு வயதுக்காரி வெறுமனே பெட்டிக்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கும் பயணி. அவளுக்கு அதுவே போதும்.

இந்தக் கடைசி வரியில் ஒரு தொழில் சூட்சுமம் இருக்கிறது. வாடகைக்கு வரும் ஆங்கர் மைக்கைப் பிடித்து மியூசிக்கல் சேர் நடத்துவார். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு குழந்தைகள் அழும். 'நீ அவுட்' என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தண்டனையாகத்தான் கேட்கும். குழந்தைகள் விளையாடும் விதங்களை வகைப்படுத்தி 1932-இல் எழுதிய மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சின்ன வயதில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அதே பொருளை வைத்துக்கொண்டு தனித்தனியாக ஆடுவதை ஒரு கட்டமாகவே பிரித்துக் காட்டினார். கூடி, விதி வைத்து, முறை வைத்து ஆடுவது பிறகுதான் வலுக்கிறது. ஆக, இரண்டு மூன்று வயதுக்காரர்கள் கலந்த கூட்டத்தில் தோற்று வெளியேறும் ஆட்டம் எதுவும் கூடாது. ஒரே நேரத்தில் எல்லாரும் தங்கள் போக்கில் செய்யக்கூடிய ஒன்று வேண்டும். மணல், தண்ணீர், பெட்டி, மாவு, பறை. இதே காரணத்தால்தான் முகமூடி மாட்டிய ஆளுயர மிக்கியை அழைத்து வருவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பெரிய தலை, அசையாத கண், தெரியாத குரல். இரண்டு வயதில் அது பூச்சாண்டி.

இடமில்லையே என்பார்கள். மும்பையில் இதைவிடக் கனமான ஆட்சேபம் கிடையாது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 1990-களில் ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி என்று வைத்தார்கள், பிறகு 269, பிறகு 300. தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறுகிறவர்களுக்கு 350 என்கிறார்கள். அதற்கு முந்தைய பத்துக்குப் பன்னிரண்டு அறைகளில்தான் இன்றும் பல பிறந்தநாள்கள் நடக்கின்றன. உல்லாஸ்நகரும் இடத்தாராளத்தில் பிறந்த ஊர் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கல்யாண் ராணுவ முகாமின் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பேரக்குகளில் சிந்தி அகதிகளைக் குடிவைத்து உண்டான நகரம். 1949 ஆகஸ்ட் 8-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி என்பது இங்குள்ள தமிழர்கள் சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லிக்கொள்ளும் பெருமை. இன்றைக்கும் கேம்ப் 1, கேம்ப் 4 என்றுதான் முகவரி. சரி, கணக்குப் போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி. கட்டில் 24, பீரோவும் ஃபிரிட்ஜும் 12, சமையல் மேடையும் அதன் முன்னால் நிற்குமிடமும் 25. மிச்சம் 59. இதில் நாற்பது பேரை நிறுத்திக் கேக் வெட்டுவதுதான் இன்றைய வழக்கம். அதற்கு எந்த அறையும் போதாது. உட்கார்ந்து கைகால் அசைக்கும் சின்னக் குழந்தைக்கு ஏழு சதுர அடி வைத்தால் எட்டுக் குழந்தைகளுக்கு அதே அறை தாராளம். பெரியவர்கள் வெளியே, சந்தில், நாற்காலி போட்டு. அறையும் பிள்ளைகளும் ஒரே அளவில் இருப்பதால் ஹாலில் வராத நெருக்கம் இங்கே வரும். மேசைக்கடியில் போர்வை தொங்கவிட்டால் குகை, கட்டிலுக்கடியில் சுரங்கம். தாராவியின் சந்துகளில் இன்னொரு வசதி, எதிரும் புதிருமாகத் திறந்திருக்கும் கதவுகள். ஆறு வீட்டு வாசல் ஆறு ஸ்டேஷன். வாடகை ஹாலில் அதை விலை கொடுத்து வாங்க முடியாது.

இதற்கு நேர்மாறாகச் சுவர் எவ்வளவு நன்றிகெட்டது என்பது ஏணியில் ஏறியவனுக்குத்தான் தெரியும். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் டபுள் டேப் பிடிக்காது. பிடித்தால் உரிக்கும்போது பெயிண்டும் வரும், வீட்டுக்காரரிடம் டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டிய வாடகைக் குடித்தனத்துக்கு அது தனித் தலைவலி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரச்சுவரில் எதுவும் ஒட்டாது. தேய்த்த பலூனைச் சுவரில் ஒட்டவைக்கும் வித்தை டெல்லிக் குளிர்காலத்தில் பலிக்கும், மும்பை மழையில் பலிக்காது. காற்றின் ஈரம் மின்னேற்றத்தைத் தங்க விடாது. அக்டோபர் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் இருக்க முடியாது, போட்டால் காகிதத் தோரணம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பரண் வைத்த அறையில் ஃபேனே தலைக்கு மேல் ஓரடியில் சுற்றும். இத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 2018 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக், தெர்மோகோல் பொருட்களுக்குத் தடை கொண்டுவந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடைப் பட்டியலைப் படித்தால் யாரோ பிறந்தநாள் வீட்டுக்குள் நின்றுகொண்டு எழுதியது போல இருக்கும்: பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், பிளாஸ்டிக் கொடி, தட்டு, டம்ளர், கரண்டி, ஸ்டிரா, இனிப்புப் பெட்டிக்கும் அழைப்பிதழுக்கும் சுற்றும் பிளாஸ்டிக் தாள், 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர். மஸ்ஜித் பந்தர் பக்கத்து மொத்தக் கடைகளில் இவை மறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடைசெய்தவற்றில் முக்கால்வாசி சுவருக்கும் மேசைக்குமானவை. அட்டைப்பெட்டியையும் மணலையும் பழைய புடவையையும் எந்த அரசும் தடை செய்யவில்லை.

பலூன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விட்டுக்கொடுக்க எந்தப் பெற்றோரும் தயாரில்லை, நானும் இல்லை. ரப்பர் பலூனை 1824-இல் முதலில் செய்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. ஹைட்ரஜன் வாயுவை அடைத்துச் சோதனை செய்ய. இருநூறு வருஷம் கழித்தும் தெருவில் மலிவுக்கு ஹைட்ரஜன் அடைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மெழுகுவத்தியும் கேஸ் அடுப்பும் உள்ள ஒற்றை அறைக்குள் அது குண்டு. ஸ்னோ ஸ்பிரேயும் அப்படியே. நுரையைத் தள்ளி வெளியேற்றும் வாயு தீப்பற்றக்கூடியது, எரியும் மெழுகுவத்தி முன்னால் அதை அடிப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. வெடித்த பலூன் துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டில் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு மூச்சடைக்கும் ஆபத்து என்று அச்சிடுவதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பலூனைத் தரைக்கு இறக்கச் சொல்லும் என் வாதம் என்னையே குத்தாதா? குத்தும். ஆகவே என் கணக்கில் சுவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பொருள் பலூன்: வாய் ஊதியதோ பம்பு அடித்ததோ, கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆர்ச், வாசலுக்கு மேலே. கீழே பிள்ளைகளுக்குப் பந்து. நூறு பலூனில் பத்தாவது வெடிக்கும் என்று எண்ணிக்கொண்டு, வெடித்ததன் துண்டுகளைப் பொறுக்க ஒரு ஆளை நியமிப்பதும் டெக்கரேஷன் வேலையில் சேர்த்தி.

நேரமும் தரையைச் சேர்ந்த விஷயம்தான். இரண்டு வயதுக் குழந்தை மாலை நாலரைக்கு எழுந்து பால் குடித்துவிட்டு ஆறரை வரை உற்சாகமாக இருக்கும். எட்டுக்கு மேல் அது அழுகைக்குக் காரணம் தேடும். ஆனால் மும்பையில் பிறந்தநாள் எட்டரைக்கு முன்னால் தொடங்காது, ஏனென்றால் அப்பா லோக்கலில் வருகிறார். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து உல்லாஸ்நகர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்; ஆறு மணிக்கு ஆபீசை விட்டவர் வீட்டு வாசலை மிதிக்க எட்டாகும். தூங்கிவழியும் குழந்தையின் கையைப் பிடித்துக் கேக்கில் கத்தியை அழுத்தும் படங்கள் எல்லா வீட்டு ஆல்பத்திலும் இருப்பதற்குச் சென்ட்ரல் ரயில்வேயின் கால அட்டவணையும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாம், அன்று பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் எந்தத் தடத்தில் என்று முதலில் பார்த்துக்கொண்டு. 'பிறந்த தேதியை மாற்றுவதா?' என்று தயங்குகிறவர்களுக்குத் தமிழ் முறையே வழிவிடுகிறது. நமக்கு ஏற்கெனவே இரண்டு பிறந்தநாள்: மாதமும் நட்சத்திரமும் சேர்ந்தது ஒன்று, இங்கிலீஷ் தேதி ஒன்று. நட்சத்திரத்தன்று செம்பூர் சேடாநகர் முருகன் கோயிலில் அர்ச்சனை, தேதியன்று வீட்டில் பாயசம், அடுத்த ஞாயிறு மாலை ஐந்துக்குப் பிள்ளைகளின் ஆட்டம். மூன்று நாளுக்கும் ஆகும் செலவு ஒரு ஹாலின் வாடகையைத் தொடாது.

முதல் பிறந்தநாளைப் பற்றி மட்டும் என் விதியைத் தளர்த்திக்கொள்கிறேன். ஒரு வயதுக் குழந்தைக்கு எந்தத் தீமும் தெரியாது, அது பெரியவர்களின் விழா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. பெரியவர்களின் விழாதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைக் காணவில்லை. 2020-இல் அது 28. ஆண்டு நிறைவுக்கு ஆயுஷ்ய ஹோமம் செய்ததும், குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதும், ஒரு வருஷம் பிழைத்து வந்ததற்காகப் பெற்றவர்கள் விட்ட பெருமூச்சு. அந்த நிம்மதிக்கு எட்டடி பேனர் கேட்டால் நான் மறுப்பதில்லை. காலையில் மொட்டையும் காதுகுத்தும் ஆன பிள்ளையை மாலையில் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். இரண்டாம் வயதிலிருந்து விழா குழந்தைக்குக் கைமாறியாக வேண்டும்.

போட்டோ என்ன ஆவது? இது லேசான கேள்வி இல்லை. திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இந்தப் பிறந்தநாள் வந்து சேர்வதே படமாகத்தான். ஆகவே பார்ப்பதற்கென்று, கொலுப்படி மாதிரி, ஒரு மூலையும் வேண்டும். அதற்குப் பேனர் தேவையில்லை. அம்மாவின் கல்யாணப் புடவையை ஒரு கொடியில் மடிப்பு வைத்துத் தொங்கவிட்டு, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் வாங்கிய சாமந்திச் சரம் நாலை இழுத்தால், அதன் முன்னால் எடுத்த படம் எந்த மிக்கிக்கும் குறைவில்லை. பத்து நிமிடம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், சட்டை கசங்குமுன். அதன்பின் போட்டோக்காரர் முட்டி போட வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து எடுக்கும்போதுதான் பெட்டி ரயிலின் ஜன்னலில் முகம் தெரியும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் வகிடும்தான் கிடைக்கும்.

கேக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அண்டை அயலில் குஜராத்தி, சிந்தி, ஐயர் வீடுகள் என்றால் எக்லெஸ் சொல்லிவிடுங்கள். ஊதி அணைக்கும்போது கேக்கின் மேல் பாக்டீரியா எண்ணிக்கை பலமடங்கு கூடுவதை 2017-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 1,400 விழுக்காடு என்றார்கள். பயமாக இருந்தால் மெழுகுவத்தியை ஒரு தனி இட்லியில் குத்திவிடுங்கள், பிள்ளைக்கு ஊதினால் போதும். பாப்கார்னும் வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் நாலு வயதுக்குக் கீழே வேண்டாம். ரிட்டர்ன் கிஃப்டுக்குத் தாராவி கும்பர்வாடாவின் மண் உண்டியலும் சொப்பும் இருக்கும்போது பிளாஸ்டிக் விசில் எதற்கு?

இப்படிப் பேசுகிற டெக்கரேஷன்காரன் தன் வயிற்றிலேயே அடித்துக்கொள்கிறான் என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வருமானம் பின்திரையில்தான்: ஒருமுறை செய்த ஸ்டாண்டும் துணியும் ஐம்பது வீடு பார்க்கும், மூன்று மணி நேரத்தில் கட்டி ஒரு மணி நேரத்தில் பிரிக்கலாம், டெம்போவில் அடுத்த வீட்டுக்குப் போகலாம். தரைத் தீம் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டையும் போய்ப் பார்த்து, பிள்ளையின் வயதைக் கேட்டு, பெட்டி வெட்டி, விளிம்புக்கு டேப் ஒட்டி, பின்னும் ஆணியும் எங்கும் இல்லையென்று கையால் தடவிப் பார்த்து, பார்ட்டி முடியும்வரை ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொருளுக்குச் செலவு குறைவு, ஆள்கூலி அதிகம். வாடிக்கையாளருக்கு அது புரிவதில்லை, "வெறும் அட்டைக்கா இவ்வளவு?" என்பார்கள். தையல்காரருக்குத் துணி விலையில் கூலி கொடுப்பதில்லையே. சமையலுக்கு மாமியும் ஹோமத்துக்குச் சாஸ்திரிகளும் வாங்குவது யோசனைக்கும் உழைப்புக்குமான கூலிதான், அரிசிக்கும் நெய்க்குமானது வேறு. எங்கள் தொழிலும் அந்தக் கணக்குக்கு வராவிட்டால் இன்னும் சில வருஷத்தில் ஆன்லைனில் விற்கும் பலூன் பாக்கெட்டே எங்கள் வேலையைச் செய்துவிடும். ஏற்கெனவே பாதி செய்கிறது. வாங்கிய பாக்கெட்டால் முடியாதது, இந்த வீட்டுக் கட்டிலுக்கடியில் எத்தனை பிள்ளை போகும் என்று தெரிந்து வைத்திருப்பது.

பிரிக்கும் வேலைக்கு வருவோம். பேனரை அன்றிரவே சுருட்டிக்கொண்டு போய்விடுவோம், அது எங்கள் முதல். பலூன் மறுநாள் வெளிறிச் சுருங்கும். ஆனால் அட்டைப்பெட்டிகளை மட்டும் பழைய சாமான் வாங்கும் பங்கார்க்காரர் குரல் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். இடம் அடைக்கும், தெரியும். ராத்திரி பாய் விரிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிலில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் இல்லாத செவ்வாய்க்கிழமையில்தான் பிள்ளை அந்தப் பெட்டிக்குள் புகுந்து, யாரும் சொல்லித் தராத ஸ்டேஷன்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கும்.